நான் போட்ட கோடு

சந்தவாசலில் பேருந்தை விட்டு இறங்கி மேற்கே திரும்பினால் சவ்வாது மலை எதிரே நிற்கும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. படவேட்டுக்குப் போகிறவர்கள் இங்கேதான் பிரிவார்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் சாலையைக் கடக்க முடியாது.

அந்தச் சாலையோரத்தில் அம்மா பெட்டிக்கடை வைத்திருந்தாள். மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் புளியும் தேனும் சாமையும் சீத்தாப்பழமும் கொண்டு வருவார்கள். கூடையை எங்கள் கடைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "போளூர் வண்டி போய்டுச்சாக்கா?" என்று கேட்பார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த வண்டி எந்த ஊருக்குள் நுழையாமல் போகும், எந்த நடத்துநர் கூடைக்குத் தனியாக டிக்கெட் போடுவார், எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அவள் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தாள். எங்கள் ஊரின் விசாரணை அலுவலகம் அவள்தான். எங்கும் எழுதி வைக்கப்படாத அலுவலகம். அவள் இறந்தபோது அதுவும் போயிற்று.

பிறகு நான் தமிழ் படித்தேன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவர், பெறாதவரை எதிரில் கண்டு, இப்படிப் போ, இங்கே தங்கு, இவரைப் பார் என்று வழிப்படுத்தும் பாட்டு. அதில் மலைபடுகடாம் எனக்கு எப்போதும் சொந்த ஊர்ப் பாட்டாகவே இருந்தது. அதன் தலைவன் நன்னன் ஆண்டது செங்கண்மா, இன்றைய செங்கம். எங்கள் மாவட்டம். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் ஒரு மலைவழியைச் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எங்கே வழுக்கும், எங்கே இரவில் போகக்கூடாது, எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் விவரம். நான் அதை வகுப்பில் நடத்தும்போது மலையை மாணவிகளுக்குச் சன்னலில் காட்டுவேன்.

ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்தும். தொல்காப்பியம் ஆற்றுப்படைக்குரியவர்களாக நால்வரைச் சொல்கிறது: கூத்தர், பாணர், பொருநர், விறலி. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. ஒன்றுகூட விறலிக்கு இல்லை. புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் சில சிறு பாடல்களோடு அவளுக்கு முடிந்துவிட்டது. நெடும்பாட்டுகளில் அவள் கூடவே நடக்கிறாள். கல்லில் தேய்ந்த அவள் பாதத்துக்கு இளைத்த நாயின் நாக்கு உவமையாகிறது. வழி மட்டும் அவளிடம் சொல்லப்படுவதில்லை.

2020இல் ஊரடங்கில் வீட்டில் முடங்கியபோது, ஒரு மாணவி அனுப்பிய இணைப்பின் வழியாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தேன். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் அது. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். சந்தவாசலைத் தேடினேன். ஒரு புள்ளி, ஒரு சாலை, கொஞ்சம் வெற்றிடம். அம்மாவின் கடை இருந்த முனை அந்த வெற்றிடத்துக்குள் இருந்தது. அன்று இரவே கணக்குத் தொடங்கினேன்.

நாட்டின் வரைபடம் என்பது நம் கைக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. 1802இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கு ஆண்டவர்களின் தேவைதான் அளவுகோல். விடுதலைக்குப் பிறகும் அளவை, அனுமதி, ரகசியம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இந்திய நிறுவனங்களுக்கு அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததே 2021 பிப்ரவரியில்தான். அப்படிப்பட்ட ஒன்றை, பெட்டிக்கடைக்காரியின் மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரைகிறாள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த வரைபடத்தின் இலக்கணம் எளிது. புள்ளி, கோடு, உறவு என்று மூன்று. எழுத்து, சொல், தொடர் என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். புள்ளிகள் சேர்ந்து கோடு. சாலையும் ஓடையும் கோடுகள். பல கோடுகளையும் புள்ளிகளையும் ஒரு பொருளுக்காகக் கட்டி வைப்பது உறவு. ஒவ்வொன்றின் மேலும் குறிச்சொற்கள் ஒட்டப்படும்: பெயர் என்ன, தார்ச்சாலையா மண்சாலையா, விளக்கு உண்டா.

பேருந்துத் தடத்தில்தான் நான் முதலில் தவறினேன். போளூர்ப் பேருந்துக்காகச் சாலையின் மேலேயே இன்னொரு கோடு வரைந்தேன். சந்தவாசலில் தொடங்கி வளைந்து நெளிந்து போகும் அழகான கோடு. அதன் பெயர்க்கட்டத்தில், 'காலையில் பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் உள்ளே போகும்' என்று எழுதினேன். ஒரு வாரத்தில் யாரோ அதை நீக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. பிறகு உதவிப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தேன். நீக்கியவர் பக்கம்தான் நியாயம்.

தடம் என்பது சாலை அல்ல. சாலை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பேருந்து அதன் மேல் போகும் ஒரு வரிசைதான் தடம். எனவே புதுக்கோடு கூடாது. இருக்கும் சாலைத் துண்டுகளையே வரிசை மாறாமல், இடையில் அறுபடாமல், ஓர் உறவுக்குள் அடுக்க வேண்டும். பேருந்து பாதியில் திரும்பும் இடத்தில் சாலைக்கோட்டை இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். நிறுத்தங்கள் முதலில், அவையும் வண்டி நிற்கும் வரிசையில். போகும் தடம் ஓர் உறவு, வரும் தடம் இன்னோர் உறவு, பள்ளிக்கூட நேரத்துக் கிளை மூன்றாவது. மூன்றையும் சேர்த்துத் தாய் உறவு ஒன்று. 2011இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது. பெயர்க்கட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்கலாம். எங்கிருந்து, எங்கே, எது வழியாக என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எண் என்றால் வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்.

பதிப்பாசிரியர் வேலைதான் இது என்று அப்போது புரிந்தது. மூலத்தில் கைவைக்காதே, உன் விளக்கத்தைப் பாட்டுக்குள் நுழைக்காதே, பாடவேறுபாட்டை அதற்குரிய இடத்தில் குறி. சவ்வாது, ஜவ்வாது, ஜவாது என்று ஒரே மலைக்கு மூன்று எழுத்து வழக்குகள். ஒன்றைப் பெயராகவும் மற்றவற்றை மாற்றுப் பெயராகவும் வைத்தால் எதைத் தட்டினாலும் மலை கிடைக்கும். ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் எதைத் தட்டினாலும் கிடைக்காது.

அது வெறும் ஒழுங்குக்கான ஒழுங்கு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகலாம். எந்த வண்டி அந்த வகை, எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்பது கூலிக்குப் போகிறவளின் அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கிற செய்தி. உறவில் ஒரு துண்டு அறுந்து கிடந்தால் தடம் பாலத்தோடு முடிந்துபோகும்; கைப்பேசி அவளிடம் அதற்கப்பால் வண்டி இல்லை என்று சொல்லும். அம்மா ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு வருடங்களில் என் மாணவிகள் ஐந்து பேருடன் சேர்ந்து எங்கள் சுற்றுவட்டாரத்துத் தடங்களை அறுபடாமல் அடுக்கினோம். கூட்டுவேலையின் சுகம் அதில்தான் எனக்குக் கிடைத்தது.

அந்த ஐவரில் ஒருத்தி மலையிலிருந்து வந்தவள். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். வெள்ளி மாலை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவாள். சாலைவழியாகப் போனால் பேருந்துகள் மாறிச் சுற்ற வேண்டும். ஆனால் அடிவாரத்திலிருந்து ஒரு காலடிப் பாதை இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். அவள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை. அம்மாவின் கடைத் திண்ணைக்கு வந்த கூடைகள் இறங்கிய பாதை.

ஒரு சனிக்கிழமை அவளோடும் அவள் அம்மாவோடும் அதில் ஏறினேன். கைப்பேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டிருந்தேன். அந்த அம்மா செருப்பில்லாமல் முன்னால் போனார். நடுவழியில் ஒரு சுனை. பெண்கள் குளித்துக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு விறலிக்கு ஓர் ஆற்றுப்படை எழுதப் போகிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று இரவே பாதையை வரைந்தேன். நடைப்பயணத் தடம் என்று ஓர் உறவு அமைத்தேன். துண்டுகளை ஒழுங்காக அடுக்கினேன், ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. சுனையைக் குறித்தேன். தடத்துக்கு 'சுனைவழி' என்று பெயரும் வைத்தேன். கவிஞர் அல்லவா.

மூன்று நாள் கழித்து, எங்கோ வேறு நாட்டிலிருந்து ஒரு தன்னார்வலர் என் திருத்தத்தின் கீழே கேட்டிருந்தார்: இந்தப் பெயரில் அங்கே பலகை ஏதும் உண்டா? உள்ளூரில் இப்படித்தான் அழைக்கிறார்களா? பலகையோ வழக்கோ இல்லாத தடத்தை நடைப்பயணத் தடமாகப் பதிவது இங்கே வழக்கமில்லையே?

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் மோனிகா ஸ்டீவன்ஸ் 2013இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் படித்திருந்தேன். இந்த வரைபடத்தில் குழந்தைகள் காப்பகத்துக்கென ஒரு குறிச்சொல் வேண்டும் என்ற முன்மொழிவு 2011இல் வாக்கெடுப்பில் தோற்றதை அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார். மதுக்கூடத்துக்கும் இரவு விடுதிக்கும் பாலியல் விடுதிக்கும் அப்போதே குறிச்சொற்கள் இருந்தன. வாக்களிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும் இடத்தில், எது உலகத்தில் இருக்கிறது என்பதையே அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். குழந்தைக் காப்பகக் குறிச்சொல் பின்னால் வழக்கில் ஊன்றிவிட்டது என்றாலும் அந்தக் கதை பொய்யில்லை. 2016இல் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் ஜியோசிகாஸ் என்று குழு சேர்ந்து, தங்கள் நகரங்களில் எத்தனை தெருக்களுக்குப் பெண்களின் பெயர் இருக்கிறது என்று எண்ணிக் காட்ட வேண்டியிருந்ததும் இதனால்தான்.

எல்லாவற்றையும் அந்த மனிதருக்கு எழுதினேன். 'பெண்கள் நடந்த வழிக்குப் பலகை யார் வைப்பார்கள்? பலகை இல்லாததாலேயே இல்லை என்று சொல்வதுதான் உங்கள் ஒழுங்கா?' என்று முடித்தேன். அவர் பதில் எழுதவில்லை. தடத்தைத் தொடவும் இல்லை. நான் ஜெயித்தேன்.

அடுத்த பருவத்தில் அந்த மாணவி திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு வருவதில்லை. இரண்டாவது, மூன்றாவது திங்களும் மதியம்தான் வந்தாள். வருகைப்பதிவைக் காட்டிக் கடிந்துகொண்டேன். தலையைக் குனிந்து நின்றாள். நான்காவது திங்கள் தனியே கூப்பிட்டுக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"அந்த வழியில அம்மா அனுப்ப மாட்டேங்குறாங்கம்மா. ஞாயித்துக்கிழம ஆனா பைக்ல வந்து கீழ நிறுத்திட்டு பசங்க கும்பலா ஏறி வர்றாங்க. போன்ல பாத்துக்கிட்டே நேரா சுனைக்கு வர்றாங்க. போட்டோ எடுக்கறாங்க. சுனைவழின்னு பேர் சொல்லிக் கேக்கறாங்கம்மா."

அந்தப் பெயரை உலகத்தில் அதுவரை நான் ஒருத்திதான் எழுதியிருந்தேன்.

அந்த வாரமே மலைக்குப் போனேன். சுனையில் யாரும் இல்லை. இருட்டு பிரியும் முன்பே போய்க் குளித்துவிட்டு வந்துவிடுகிறார்களாம். மாணவியின் அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். பாயை விரித்து உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்.

"நாங்களும் வழி சொல்லுவோம்மா. சொல்ல மாட்டோம்னு இல்ல. ஆனா யாரு கேக்கறாங்கன்னு மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவோம். உன் படம் யாரு மூஞ்சியயும் பாக்கறதில்லியே."

பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, வேறொன்று சொன்னார். காட்டுக்குள் எது வழி என்று படம் போட்டால், நாளைக்கு அந்த வழியில் நடக்கிற எங்கள் பிள்ளைகளை யார் என்ன என்று பிடிப்பார்கள் என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் அதில் பலர். அந்தச் செய்தியை நான் நாளிதழில் படித்துவிட்டு மடித்து வைத்தவள். இந்த வீடுகளில் காட்டுப்பாதை என்ற சொல்லுக்கு வேறு எடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்தத் தன்னார்வலரின் கேள்வியைத் திரும்பப் படித்தேன். 'உள்ளூரில் இப்படித்தான் அழைக்கிறார்களா?' அதை நான் மலைப் பெண்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் கோபப்பட்டேன். அவர்களிடம் கேட்கவில்லை. ஸ்டீவன்ஸின் கட்டுரை சரி. நான் அதைத் தூக்கி எறிந்த ஆள் தப்பு. தரையில் இல்லாத பெயரை எழுதாதே, நடைப்பயணத் தடம் என்று யாரும் குறிக்காததை நீயாகக் குறிக்காதே என்ற வறட்டு விதியை அன்று கேட்டிருந்தால் அந்தச் சுனை அவர்களுக்கு மிஞ்சியிருக்கும். ஒழுங்கு என்பது ஆண்களின் அதிகாரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில ஒழுங்குகள் நம்மைப் போன்றவர்களின் ஆர்வத்திடமிருந்து மற்றப் பெண்களைக் காப்பதற்கும் இருக்கின்றன.

அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இந்த முறை பதில் வந்தது, நீளமாக, பொறுமையாக. இருவரும் சேர்ந்து யோசித்தோம். நடைப்பயணத் தடம் என்ற உறவை நீக்கினேன். சுனைவழி என்ற பெயர் போனது. சுனையையும் அதற்குப் பிரியும் கிளையையும் நானே வரைந்தவை, அனுமதி கேட்காமல் வரைந்தவை என்று திருத்தக் குறிப்பில் எழுதியே நீக்கினேன். அடிவாரத்துப் பாதை மிச்சம் இருந்தது. அதை வேறு யாரும் வரைந்துவிடலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, முன் அனுமதி இல்லாமல் மலையேறக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. எனவே காட்டு எல்லையில் கோட்டை வெட்டி, அதற்கு மேல் அனுமதி பெற்றே செல்லலாம் என்ற குறிச்சொல்லை வைத்தோம். வழிகாட்டும் செயலிகள் அந்தக் குறிச்சொல்லைப் படித்து வேறு பக்கம் திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த வரைபடத்தில் எதுவும் அழிவதில்லை. பழைய பதிப்புகள் வரலாற்றில் கிடக்கும், முதல் பதிப்பில் என் பெயரோடு. கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்தவர்களிடம் பழைய கோடு இருந்தது. வருகிறவர்கள் குறைந்தார்கள், நின்றுபோகவில்லை. சுனைக்குப் பெண்கள் பகலில் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாணவியின் திங்கட்கிழமை வருகையை நான் திருத்திக் கொடுத்தேன். அது பரிகாரம் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இன்னொரு முறை மலைக்குப் போனபோது, உங்களுக்கு அந்தப் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டியல் மளமளவென்று வந்தது. பேருந்து உண்மையில் எந்த மரத்தடியில் நிற்கிறது. மழைக்காலத்தில் எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும். செவிலியர் இருக்கும் துணைச் சுகாதார நிலையம். ரேஷன் கடை. நிறுத்தத்திலிருந்து ஊர்வரை எங்கே விளக்கு எரிகிறது, எங்கே இல்லை. சந்தவாசலில் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை. கடைசி வண்டி எத்தனை மணிக்கு.

நான் வைத்த சுனை அதில் இல்லை. அவர்கள் கேட்ட கழிப்பறை என் வரைபடத்தில் இல்லாமல் இருந்தது.

இப்போது அவையெல்லாம் இருக்கின்றன. விளக்கு உண்டு, இல்லை என்ற குறிச்சொல்லை அந்த மாணவிதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறாள். சரிபார்த்த தேதியையும் எழுதுகிறாள். தேதி இல்லாத செய்தி பாதிச் செய்திதான். கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் நாங்கள் வரைபடத்தில் வைக்கவில்லை. அடிக்கடி மாறுகிற கால அட்டவணைக்கு அது இடமில்லை. நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறாள். அம்மாவின் கடை இருந்த இடத்துக்கு நான்கு கடை தள்ளி.

ஆற்றுப்படையை இப்போதும் நடத்துகிறேன். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். அந்தப் பாட்டுகளில் வழி சொல்கிறவர் எதிரில் வருகிறவரை முதலில் உற்றுப் பார்க்கிறார். பசி தெரிகிறது, கூட வரும் சுற்றம் தெரிகிறது, களைத்த கால் தெரிகிறது. அதன் பிறகுதான் வழி. நாம் வரைகிற படத்துக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே அதற்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கும்போது அந்தக் கண்ணை நாம்தான் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையிலும் அந்த மலை ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். "வேணாம்மா" என்றார்.